நாம் கேட்ட உறைபனி

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. நமது பங்கு ஆலயத்தில் இளைஞர்கள் குடில் அமைத்துக்கொண்டிருந்தனர். வைக்கோல் வேய்ந்து, களிமண்ணால் குன்று ஒன்று எழுப்பி, அதன்மேல் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தூவினர். பஞ்சாலைகளால் பெயர் பெற்ற கோவையில் குடிலுக்குப் பஞ்சு கிடைப்பதில் என்றுமே குறைவு இருந்ததில்லை. பெத்லகேமில் அந்த இரவு பனி பெய்ததாக நற்செய்தியாளர் எவரும் எழுதவில்லை என்று ஆண்டுதோறும் நாம் சொல்வதுண்டு. ஆண்டுதோறும் பஞ்சு தூவப்படுவதும் உண்டு.

வேலையை வேடிக்கை பார்த்து நின்ற மறைக்கல்வி வகுப்புச் சிறுவன் ஒருவன் நமது அங்கியைப் பற்றி இழுத்தான். "சாமி, இந்த மாதிரிப் பனி நெசமாவே பேயுதுங்களா? ஊட்டியில பேயுமுங்களா?" என்று வினவினான்.

"ஊட்டியில பனி உண்டு கண்ணு. ஆனா, அது பேயாது" என்றோம்.

"பேயாம எப்படிங்க சாமி வரும்?"

பாவசங்கீர்த்தனத்திற்கு மக்கள் வரிசையில் காத்திருந்தனர். பிறகு சொல்வதாகக் கூறிச் சென்றுவிட்டோம். அந்தப் 'பிறகு' நம்மை மலைமேல் கொண்டுபோய் நிறுத்தும் என்றும், அங்கே அதே சிறுவன் கேட்கப்போகும் வேறொரு கேள்விக்கு விடை தெரியாமல் விழிப்போம் என்றும் அப்போது நாம் நினைக்கவில்லை.

அதே வாரத்தில் ஜப்பானிலிருந்து ஒரு படம் வந்தது. நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பொறியியல் பயின்று, தோக்கியோ நகருக்கு அருகில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். அவர் தம் தாயின் கைப்பேசிக்கு அனுப்பிய படத்தை, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்தத் தாய் ஆலய முற்றத்தில் வீடு வீடாகக் காட்டாத குறையாய் எல்லாருக்கும் காட்டினார். செம்மஞ்சள் நிற மேலாடை அணிந்து, இரு கால்களிலும் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, வெண்மையான மலைச் சரிவில் அவர் மகன் நின்றிருந்தார். "விழுந்து கிழுந்து வெச்சிருவானோன்னு வயித்தைக் கலக்குதுங்க சாமி" என்று அந்தத் தாய் சொன்னார். பிள்ளைகளோ வாயைப் பிளந்து பார்த்தனர்.

நமக்கும் அவர் விரிவாக எழுதியிருந்தார். தோக்கியோவில் அதிவேக இரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் நீகாத்தா மாநிலத்தைச் சேர்ந்த யுசாவா என்னும் ஊரை அடைந்துவிடலாமாம். வழியில் இருபத்திரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதை ஒன்று இருக்கிறது. நுழையும் பக்கம் வெயிலும் நீல வானமும். வெளியேறும் பக்கம் கண்ணைக் கூசச் செய்யும் வெண்பனி. நிலையத்திற்கு அருகிலேயே பனிச்சறுக்குத் திடல்கள் இருக்கின்றன. ஜப்பானியர் இவ்விளையாட்டைக் கற்றுக்கொண்டதும் அந்த மாநிலத்தில்தான். 1911-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தகாதா என்னும் ஊரில், லெர்ச் என்னும் ஆஸ்திரிய இராணுவ அதிகாரி ஜப்பானியப் படைவீரர்களுக்கு முறையாகப் பனிச்சறுக்குக் கற்பித்தார். அங்கிருந்து நாடெங்கும் பரவி, 1972-இல் சப்போரோவிலும் 1998-இல் நாகானோவிலும் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களை நடத்துமளவுக்கு அது வளர்ந்தது.

இதில் நம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. அந்த யுசாவா ஊர் கடல் மட்டத்திலிருந்து நம் கோவை இருக்கும் உயரத்தில்கூட இல்லை. உதகையோ ஏழாயிரம் அடிக்கும் மேல். அங்கே ஆளை மூடும் பனி. இங்கே குடிலுக்குப் பஞ்சு! காரணத்தைக் கொங்கு நாட்டாருக்கு விளக்குவது எளிது. ஆனி, ஆடி மாதங்களில் அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, மேற்கு மலைத்தொடரில் மோதிக் கேரளத்தில் மழையாய்க் கொட்டுகிறது. மலைக்கு இப்பால் உள்ள நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் சாரலுமே மிஞ்சுகின்றன. அதே கதைதான் ஜப்பானிலும். சைபீரியாவிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று, ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொண்டு, அந்நாட்டின் நடுவே நெடுகக் கிடக்கும் மலைகளில் மோதுகிறது. மழையாக விழ வேண்டியது குளிரால் பனியாக விழுகிறது. மலைக்கு அப்பால் உள்ள தோக்கியோவுக்குக் காய்ந்த காற்றும் வெயிலுமே எஞ்சுகின்றன. நமது நீலகிரியிலோ கடுங்குளிர் வரும் மாதங்களில் மழைக்காலம் முடிந்துவிடுகிறது. குளிர் இருக்கும்போது ஈரமில்லை. ஈரம் இருக்கும்போது அத்துணைக் குளிரில்லை. எனவே அங்கே வானத்திலிருந்து பனி பொழிவதில்லை, தரையிலேயே உறைகிறது.

இதை நாம் மறைக்கல்வி வகுப்பில் சொன்னோம். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்போ உறையற பனியையாவது காட்டுங்க சாமி" என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்தனர். ஆண்டுதோறும் அவர்களை எங்கேனும் அழைத்துச் செல்வது வழக்கமாதலால், ஆசிரியைகளும் இசைந்தனர். இவ்வாறு சென்ற சனவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இருபத்திரண்டு சிறுவர் சிறுமியர், ஆசிரியைகள் மூவர், நாம் ஆக இருபத்தாறு பேர் மேட்டுப்பாளையம் இரயில் நிலையத்தில் நின்றோம். கம்பளிகளும் அரிசி மூட்டையும் ஒரு வேனில் முன்னே சென்றன.

அந்த மலை இரயிலைப் பற்றி நமது வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்ட இப்பாதையில், கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை தொடங்குகிறது. இயந்திரத்தின் பற்சக்கரம் அப்பட்டையைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. இந்த அமைப்பை வகுத்தவர் ரோமன் அப்ட் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர். இயந்திரம் முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. "நம்ம உபதேசியார் மாதிரிங்க சாமி" என்று ஆசிரியை ஒருவர் சொல்ல, எல்லாரும் நகைத்தோம். நாற்பத்தாறு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. பிள்ளைகள் குகைகளை எண்ணிக்கொண்டே வந்தனர். பதினாறு என்று கணக்குச் சரியாய் வந்தபோது மிகப்பெரிய ஆரவாரம்.

உதகையில் இறங்கி, எமரால்டு செல்லும் சாலையில் உள்ள ஒரு சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தோம். அவ்வூர்ச் சிற்றாலயத்தை ஒட்டிய கூடத்தில் தங்குவதற்கு நண்பரான குரு ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். பள்ளத்தில் புல்வெளி, இரு மருங்கிலும் சரிவுகளில் தேயிலை, கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள், மடிப்பு மடிப்பாகச் சோலைக்காடு. மாலை ஐந்து மணிக்கெல்லாம் பிள்ளைகளின் பற்கள் தாளம் போடத் தொடங்கிவிட்டன. கொண்டு சென்ற கம்பளிகள் போதவில்லை. ஒரு கம்பளிக்கு இருவராகப் படுக்க வைத்தோம்.

உறக்கம் வராத பிள்ளைகள் கதை கேட்டனர். ஜப்பான் நினைவிலிருந்ததால் புனித சவேரியாரின் பயணத்தைச் சொன்னோம். முத்துக்குளித்துறையில் நம் மக்களிடையே உழைத்த அதே சவேரியார், 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பானின் ககோசிமாவில் கரையிறங்கினார். மறு ஆண்டுக் குளிர்காலத்தில், தலைநகராயிருந்த மியாக்கோவில் பேரரசரைக் கண்டு பேச எண்ணி, தோழர் இருவருடன் பனியின் ஊடே நடந்தார். மியாக்கோ என்பது இன்றைய கியோத்தோ. வெப்ப நாட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பழகிய உடம்பு அது. 1551 சனவரியில் ஒருவாறு நகரை அடைந்தபோது, அது போரால் சீரழிந்து கிடந்தது. பேரரசரைக் காணவும் இயலவில்லை. சில நாட்களில் வந்த வழியே திரும்பினார். அவருக்குப் பனி விளையாட்டுத் திடலாயிருக்கவில்லை என்று சொல்லிக் கதையை முடித்தோம்.

பின்பு இரவுச் செபம். ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் வேண்டுதலைச் சொல்லும்படி பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டோம். தாய்க்காக, தந்தைக்காக, தேர்வுக்காக எனப் பலரும் வேண்டினர். நமது அங்கியைப் பிடித்து இழுத்த அந்தச் சிறுவனின் முறை வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, நாளைக்குக் காலையில நல்லாப் பனி விழோணும். நெறைய விழோணும்" என்றான்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் மறுமொழி கூறினோம். அதில் நமது குரலே உரத்து ஒலித்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கூடத்தின் கதவைத் தாழிடும் முன் வானத்தைப் பார்த்தோம். ஒரு மேகமில்லை. நட்சத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பன போல் மின்னின. நமது வேண்டுதல் கேட்கப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்து படுத்தோம்.

விடியற்காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி வெளியே அழைத்து வந்தோம். அந்தக் காட்சியைச் சொல்லால் விளக்குவது அரிது. பள்ளத்துப் புல்வெளி முழுதும் வெள்ளை வேட்டி உலர்த்தினாற் போல் கிடந்தது. ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் ஊசி ஊசியாய்ப் பனிப்படிகம். கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை. வேனின் கண்ணாடியில் படிந்திருந்த வெண்மையில் சிறுமியர் விரலால் தங்கள் பெயர்களை எழுதினர். பிள்ளைகள் கத்தினர், ஓடினர், வழுக்கி விழுந்தனர். ஐம்பது வயது கடந்த நாமும் ஒரு பிடி பனியை வழித்தெடுத்து ஆசிரியைகளின் மேல் எறிந்தோம்.

"இப்பச் சொல்லுங்க சாமி, பேயாம எப்படி வந்துச்சு?" என்று அந்தச் சிறுவன் கேட்டான். டிசம்பர் மாதத்துக் கடனைத் தீர்க்கும் நேரம் வந்தது. பகலில் வாங்கிய வெப்பத்தைப் பூமி இரவில் வானத்திற்குத் திருப்பி அனுப்புகிறது என்றும், மேகம் இருந்தால் அது கம்பளி போலப் பூமியைப் போர்த்தி வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது என்றும், மேகமில்லாத இரவில் பூமி போர்வையின்றிக் கிடக்கிறது என்றும் விளக்கினோம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. தரையோடு ஒட்டிய காற்றின் ஈரம் புல்லின்மேல் நேரே படிகமாய் உறைகிறது. மரத்தடியில் மட்டும் புல் பச்சையாய் இருப்பதைக் காட்டினோம். கிளைகளே அங்கே கம்பளி. "அப்போ நேத்து ராத்திரி பூமிக்குக் கம்பளி இல்லீங்களா? நம்மளுக்காச்சும் ரெண்டு பேருக்கு ஒண்ணு இருந்துச்சு" என்றான் அவன்.

அப்போதுதான் அந்த அம்மையாரைக் கண்டோம். புல்வெளியின் ஓரத்தில், சரிவு தொடங்குமிடத்தில், படகர் குலப் பெண்கள் உடுத்தும் வெள்ளை ஆடையுடனும் தலைக்கட்டுடனும் ஒருவர் குனிந்து நிமிர்ந்து கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். ஓடையிலிருந்து குடத்தில் நீர் மொண்டு வந்து, தேயிலைச் செடிகளின்மேல் கையால் தெளித்துக்கொண்டிருந்தார். இந்தக் குளிரில் ஏன் தண்ணீர் தெளிக்கிறார் என்று நமக்கு விளங்கவில்லை. பேச்சுக் கொடுக்கும் எண்ணத்தில், "இன்றைக்கு நல்ல பனி அம்மா!" என்றோம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லாத குரலில், "ஆமாங்க ஐயா, நல்ல பனி. இனி ரெண்டு மாசத்துக்கு எனக்குக் கொழுந்து இல்லை" என்றார்.

பின்பு அவரே விளக்கினார். இலைமேல் உறைந்த பனியின்மேல் வெயில் பட்டதும் இலை கருகிவிடுமாம். வெயில் வருமுன் நீரூற்றிப் பனியைக் கழுவிவிட்டால் கொஞ்சம் தப்பும். ஆனால் ஒரு குடமும் இரண்டு கைகளும் அரை ஏக்கருக்கு எம்மாத்திரம்? அந்த அரை ஏக்கர்க் கொழுந்தைத் தொழிற்சாலைக்குப் போட்டுத்தான் அவர் குடும்பம் நடக்கிறது. போதாக்குறைக்கு, சென்ற மழைக்காலத்தில் நட்ட நானூறு இளங்கன்றுகள் பள்ளத்துப் பக்கமாக இருந்தன. நீலகிரியில் இவ்வாறு ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்துக்கொண்டு பிழைக்கும் சிறு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். உறைபனி அவர்கள் கைக்குழந்தையின் மேல் விழும் அடி.

"ராத்திரி பத்து மணிக்கு வெளியே வந்து பார்த்தேன் ஐயா. ஒரு மேகம் இல்லை. ஒரு மேகத்தையாவது அனுப்பு தாயேன்னு எங்க ஹெத்தையம்மனை வேண்டிக்கிட்டுப் படுத்தேன்" என்றார்.

நாம் பேச்சற்று நின்றோம். இருபதடி தூரத்தில் அந்தச் சிறுவன் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கதிரவன் எதிர் மலையின் விளிம்பில் தலை காட்டினான். புல்வெளியின் வெண்மை கரைந்து துளித்துளியாய்ச் சொட்டியது. அரை மணி நேரத்தில் பனி இருந்த சுவடே இல்லை. பிள்ளைகள் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கையில், நீர் படாத செடிகளின் இளந்தளிர்கள், வெந்நீர் ஊற்றியது போல் துவண்டு கறுத்திருந்தன. அந்தச் சிறுவன் நம்மைத் தனியே அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலில் கேட்டான்: "சாமி, நான் கேட்டதுனாலதானுங்களா இப்படி ஆச்சு?"

குருமடத்தில் நாம் ஆண்டுக்கணக்கில் இறையியல் பயின்றவர்கள். செபத்தைப் பற்றித் தேர்வு எழுதியவர்கள். ஆயினும் அவன் கண்களைப் பார்த்தபோது கற்றதெல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது. 'இல்லை, போய் விளையாடு' என்று சொல்வது எளிது. பொய்யும் அன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று என்று உள்ளம் உறுத்தியது.

பங்குத்தந்தையாயிருப்பவர் எவருக்கும் இந்தச் சிக்கல் புதிதன்று. ஒரே ஞாயிற்றுக்கிழமையில், கடலை விதைத்தவர் மழை வேண்டிப் பூசைக்கு எழுதிக் கொடுக்கிறார். செங்கற்சூளை வைத்திருப்பவர் மழை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கிறார். இரண்டையும் ஒரே பீடத்தின்மேல் வைத்து ஒப்புக்கொடுக்கிறோம். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். ஆனால், மழை கேட்டவர் சூளைக்காரரை நினைத்தாரா என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

நெடுநேரம் சென்றபின் அவனிடம் சொன்னோம்: "நீ கேட்டதனால பனி விழலை கண்ணு. மேகம் இல்லாததுனால விழுந்துச்சு. நீ கேக்காம இருந்திருந்தாலும் விழுந்திருக்கும். தப்பு அதுல இல்லை. நாம கேக்கறப்போ, இங்க யாரு இருக்கறாங்கன்னு யோசிக்கவே இல்லை. நம்ம செபத்துல இந்த அம்மாவுக்கு எடமே இல்லாமப் போச்சு. அந்தத் தப்பு உன்னோடது இல்லை, என்னோடது. பெரியவன் நான்தானே 'கேட்டருளும்'னு சத்தமாச் சொன்னேன்."

அவன் சற்றே யோசித்தான். "அப்போ இன்னைக்கு ராத்திரியும் மேகம் வராதுங்களா?" என்றான். வானத்தைப் பார்த்தோம். துடைத்து வைத்தாற்போல் இருந்தது. "வராது போலத்தான் இருக்குது" என்றோம். "அப்போ நாமளே கம்பளி போத்தி உடலாமுங்களா?"

வாசகர்களே, அந்த யோசனை நமக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தோன்றிற்று. அம்மையாரிடம் போய்க் கேட்டோம். இளங்கன்றுகளைத் தழையாலும் காய்ந்த புல்லாலும் மூடி வைப்பது மலையில் வழக்கந்தான் என்றும், வெட்டிச் சுமந்து வந்து மூட ஆள் இல்லை என்றும் சொன்னார். விருந்தாளிகளை வேலை வாங்குவதாவது என்று முதலில் மறுத்தார். பின்பு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, வீட்டிலிருந்து இரண்டு கத்திகளையும் சாக்குகளையும் கொண்டு வந்தார்.

அன்று முற்பகலில் உதகை ஏரியில் படகுச் சவாரி என்று திட்டமிட்டிருந்தோம். அதைக் கைவிட்டோம். எல்லாப் பிள்ளைகளும் மகிழ்ந்து முன்வந்தனர் என்று எழுதினால் அது புனைந்துரை. மூவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டனர். ஒரு சிறுமி படகுக்காக அழுதே விட்டாள். அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஆசிரியைகள் காட்டோரத்துப் புதர்த்தழையை வெட்ட, பெரிய பிள்ளைகள் சுமக்க, சிறியவர்கள் கன்றின்மேல் கூடாரம் போலச் சாய்த்து வைத்தனர். நமக்கு அரை மணியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அழுத சிறுமி நடுவில் வந்து சேர்ந்துகொண்டாள். கன்றுகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியவளும் அவளே. பிற்பகல் ஒரு மணிக்குள் நானூறு கன்றுகளில் ஏறத்தாழ இருநூற்றைம்பதை மூடி முடித்தோம். மீதியை முடிப்பதற்குள் புறப்பட வேண்டியதாயிற்று.

அம்மையார் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து, அவித்த உருளைக்கிழங்கும் உப்பும் கறுப்புத் தேநீரும் கொடுத்தார். அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து எமரால்டு அணை நீர் தூரத்தில் பளபளத்தது. அந்த நீர் குந்தா மின்திட்டத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டுப் பவானியில் சேர்கிறது. பவானியின் பில்லூர் அணையிலிருந்தே கோவை நகரின் பெரும்பகுதி குடிநீர் பெறுகிறது. நாம் விளக்கேற்றுவதும் தாகம் தீர்ப்பதும் இம்மலையால். நாமோ அதை ஆண்டுக்கொரு முறை குளிர் வாங்கும் கடையாக மட்டும் எண்ணி ஏறுகிறோம். நமது கோவை மாவட்டக் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலை ஏறியது முதல், கீழ்நாட்டார் இதைப் பார்த்த பார்வை பெரும்பாலும் இதுவே. அவருக்கு இரு நூற்றாண்டுகட்கு முன், 1603-இல், கள்ளிக்கோட்டையிலிருந்து பெனீசியோ என்னும் சேசு சபைக் குரு காடும் குளிரும் கடந்து இங்கே ஏறி வந்தார். அவர் வந்தது இங்கே வாழும் மனிதரைக் காண. அந்த வழக்கத்தை நாம் எப்போது மறந்தோம்?

இரவு கோவை திரும்பினோம். மறுநாள் ஞாயிறு, மறைக்கல்வி வகுப்பில் அந்தச் சிறுவன் தன் முறை வந்ததும், "ஆண்டவரே, ஊட்டி அம்மாவோட தோட்டத்துக்கு மேல ஒரு மேகம்" என்று மட்டும் சொன்னான். அவ்வளவே. 'கேட்டருளும்' என்று நாமும் சொன்னோம், இம்முறை மெதுவாக.

பிப்ரவரி இறுதியில் அவ்வூர் உபதேசியார் தொலைபேசியில் பேசினார். தழை போர்த்திய கன்றுகளில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. போர்த்தாதவற்றில் பாதிக்கு மேல் போய்விட்டன. பழைய செடிகள் அம்மையார் சொன்னபடியே இரண்டு மாதம் கொழுந்தின்றி நின்றன. அவர் கடன் வாங்கித்தான் காலம் தள்ளினார். நாம் செய்தது அவ்வளவுதான். அதை மிகைப்படுத்திச் சொல்ல ஒன்றுமில்லை.

நடந்ததை ஜப்பானில் உள்ள இளைஞருக்கு எழுதினோம். அவரிடமிருந்து வந்த விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. அவர் பனிச்சறுக்கு ஆடிவிட்டு விடுதிக்குத் திரும்பும் வழியில், ஒரு வீட்டின் கூரைமேல் முதியவர் ஒருவர் நின்று மண்வாரியால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாராம். தள்ளாவிட்டால் பாரம் தாங்காமல் கூரை அமிழ்ந்துவிடும். அந்நாட்டின் பனி மிகுந்த மாவட்டங்களில் இளையோர் பலர் நகரங்களுக்குப் போய்விட்டனர். எஞ்சியிருக்கும் முதியவர்களே கூரை ஏற வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பலர் கூரையிலிருந்து விழுந்தும் பனிச்சரிவில் புதையுண்டும் உயிரிழக்கின்றனர். சாலைகளில் குழாய் பதித்து, வெதுவெதுப்பான நிலத்தடி நீரைத் தெளித்துப் பனியைக் கரைக்கின்றனராம். அதைப் படித்தபோது நமக்கு ஓடை நீரைக் குடத்தில் சுமந்து வந்த அம்மையார் நினைவுக்கு வந்தார். அதே பனி வேனிலில் உருகி வயலுக்குப் பாய்வதால்தான் அப்பகுதியின் நெல் பேர் பெற்றிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். பனியை அவர்கள் சபிப்பதில்லை. ஆனால் அதன் விலையை அறிந்திருக்கின்றனர்.

'படம் எடுத்த அன்று அந்தப் பெரியவரைப் பார்த்தேன் சாமி; ஆனால் அவரைப் படம் எடுக்கத் தோன்றவில்லை' என்று கடிதத்தை முடித்திருந்தார். அடுத்த விடுமுறையில் அவ்வூருக்குப் போகும்போது, ஒரு நாளாவது மண்வாரி பிடிக்க எண்ணியிருக்கிறாராம். அவர் தாய்க்கு இதை இன்னும் சொல்லவில்லை. கூரை என்றால் அந்த அம்மாவுக்கு வயிறு இன்னும் அதிகமாகக் கலங்கும்.

அன்புக் குடும்பங்களே! குளிர்காலம் வந்தால் நீங்கள் பிள்ளைகளுடன் உதகைக்கோ, குன்னூருக்கோ, வால்பாறைக்கோ செல்வீர்கள். வசதியுள்ளோர் குல்மார்க்குக்கும், ஏன் ஜப்பானுக்குமே செல்லலாம். செல்லுங்கள். பனியைக் கண்டு பிள்ளைகள் துள்ளும் மகிழ்ச்சியும் இறைவன் தந்ததே; அதை நாம் குறை கூறமாட்டோம். ஆனால், உறைபனி பார்க்க விடியற்காலையில் எழுந்தால், உங்களுக்கு முன்பே எழுந்தவர் அங்கே எவரேனும் இருக்கிறாரா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தோட்டத்துக்குள் ஓடிச் செடியை மிதிக்க வேண்டாம். கொண்டுபோன கம்பளியில் ஒன்று மிஞ்சினால், அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

இவ்வாண்டுக் குடிலுக்கும் இளைஞர்கள் பஞ்சு தூவுவார்கள். நாம் தடுக்கப்போவதில்லை. அந்தச் சிறுவன் மட்டும் ஒரு திருத்தம் கேட்டிருக்கிறான்: குன்றின் அடிவாரத்தில் சில பச்சைச் செடிகள் வைத்து, அவற்றின்மேல் கொஞ்சம் காய்ந்த தழை போர்த்த வேண்டுமாம். குடிலைப் பார்க்க வருவோர் அது என்னவென்று கேட்பார்கள். விடை சொல்லும் பொறுப்பை அவனிடமே விட்டிருக்கிறோம்.